டிமார்க் ரெக்கார்டு போட்ட பிறகும் உங்கள் பெயரில் போலி மெயில் போவது ஏன்?

ஒரு நிறுவனத்தின் டொமைனை டிஎன்எஸ் (டொமைன் பற்றிய தகவல்களை எல்லாரும் பார்க்க வைக்கும் பதிவேடு) கருவியில் போட்டுப் பார்த்தால், இப்போதெல்லாம் டிமார்க் ரெக்கார்டு, அதாவது உங்கள் பெயரில் வரும் போலி மெயிலை என்ன செய்ய வேண்டும் என்று பெறுநர் சர்வர்களுக்குச் சொல்லும் வரி, இருக்கத்தான் செய்கிறது. பாதுகாப்பு மீது திடீரென்று அக்கறை வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5000-க்கு மேல் மெயில் அனுப்புகிறவர்கள் எஸ்பிஎஃப், டிகிம் (இரண்டையும் கீழே விளக்குகிறேன்), டிமார்க் மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் 2024 பிப்ரவரியில் கட்டாயமாக்கியது. யாஹூவும் கூடவே சேர்ந்துகொண்டது. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட் தன் அவுட்லுக்.காம், ஹாட்மெயில் முகவரிகளுக்கும் அதே மாதிரி விதியைக் கொண்டுவந்தது. மார்க்கெட்டிங் மெயில் ஸ்பாமில் விழக் கூடாதே என்று அவசர அவசரமாக ஒரு வரி சேர்த்தார்கள். அந்த வரியில் 'பி=நன்' என்று இருக்கும். விதியும் அதற்கு மேல் கேட்கவில்லை.

நன் என்றால், சோதனையில் தோற்ற மெயிலையும் ஒன்றும் செய்ய வேண்டாம், எனக்கு அறிக்கை மட்டும் அனுப்புங்கள் என்று பொருள். அறிக்கையை எங்கே அனுப்புவது என்ற முகவரிகூட இல்லாத ரெக்கார்டுகள் ஏராளம். அப்படி ஒன்று இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். 2024 மே 2 அன்று அமெரிக்காவின் எஃப்பிஐ, என்எஸ்ஏ, வெளியுறவுத் துறை மூன்றும் சேர்ந்து ஓர் எச்சரிக்கை வெளியிட்டன: டிமார்க் கொள்கை பலவீனமாக இருக்கும் டொமைன்களைப் பயன்படுத்திக்கொண்டு வடகொரியாவின் கிம்சுகி குழு, பத்திரிகையாளர்கள், கல்வியாளர்கள் பெயரில் மெயில் அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று.

ஆக, நன்-இலிருந்து, தோற்ற மெயிலை ஏற்காதே என்று சொல்லும் ரிஜெக்ட்டுக்குப் போவதுதான் உண்மையான வேலை. வழியில் என்னென்ன உடையும், ஏன் உடையும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மேற்கோளுக்குள் வரும் குறிகளை எல்லாம் டிஎன்எஸ்ஸில் ஆங்கில எழுத்தில் இட வேண்டும்.

அனுப்புநர் இரண்டு பேர்

மெயிலைக் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி நெறிமுறை 1982-இல் ஆர்எஃப்சி 821 என்ற இணையத் தர ஆவணமாக வந்தது. அதில் அனுப்புநர் முகவரி இரண்டு இடத்தில் வரும். சர்வரும் சர்வரும் பேசிக்கொள்ளும்போது சொல்லப்படும் 'மெயில் ஃப்ரம்' முகவரி ஒன்று. மெயில் போய்ச் சேராவிட்டால் திரும்பி வருவது இங்கேதான், பெறுநரின் ஹெட்டரில் இது ரிட்டர்ன்-பாத் என்று தெரியும். மெயிலுக்குள்ளேயே இருக்கும் ஃப்ரம் ஹெட்டர் இரண்டாவது. தபால் உறை மேல் எழுதிய முகவரியும், உள்ளே கடிதத்தாளில் அச்சடித்த லெட்டர்ஹெட்டும் போல. படிப்பவர் கண்ணில் படுவது லெட்டர்ஹெட் மட்டும்தான். இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று எஸ்எம்டிபி எங்கேயும் சொல்லவில்லை.

எஸ்பிஎஃப் சோதிப்பது உறை முகவரியை. அந்த டொமைனின் சார்பில் மெயில் அனுப்ப இந்த ஐபி முகவரிக்கு அனுமதி உண்டா என்று கேட்கிறது. டிகிம் சோதிப்பது மெயிலில் இருக்கும் கையொப்பத்தை; 'டி=' என்ற குறியில் எந்த டொமைன் கையெழுத்திட்டது என்று இருக்கும். இந்த இரண்டுமே ஃப்ரம் ஹெட்டரோடு எதையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. மோசடிக்காரர் ஒரு புது டொமைன் வாங்கி, அதற்கு முறையாக எஸ்பிஎஃப் போட்டு, உறை முகவரியில் அந்த டொமைனை வைத்து, ஃப்ரம் ஹெட்டரில் உங்கள் எம்டியின் முகவரியை வைத்தால் எஸ்பிஎஃப் ஜம்மென்று பாஸ் ஆகும். 'எஸ்பிஎஃப் பாஸ் என்று காட்டுகிறதே, மெயில் அசல்தானே' என்று கேட்பவர்கள் ஐடி பிரிவிலேயே உண்டு.

டிமார்க் சேர்ப்பது ஒரே ஒரு நிபந்தனை: பாஸ் ஆன எஸ்பிஎஃப் டொமைனோ, பாஸ் ஆன டிகிம் டொமைனோ, ஃப்ரம் ஹெட்டரின் டொமைனோடு பொருந்த வேண்டும். துறையில் இதை அலைன்மென்ட் என்பார்கள். இரண்டில் ஒன்று பொருந்தினால் போதும். தளர்வான பொருத்தத்தில், மூல டொமைன் ஒன்றாக இருந்தால் துணை டொமைன் வேறாக இருந்தாலும் ஏற்கப்படும். '.கோ.இன்' போன்ற முடிவுகளுக்குக் கீழ் இருக்கும் எல்லாரும் ஒரே நிறுவனம் ஆகிவிடாமல் இருக்க, பொது முடிவுகளின் பட்டியல் ஒன்றைப் பார்த்து மூல டொமைனைக் கணக்கிடுகிறார்கள்.

கண்ணால் பார்க்க வேண்டுமானால் உங்கள் நிறுவனத்திலிருந்து ஒரு ஜிமெயில் கணக்குக்கு மெயில் அனுப்பி, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்துங்கள். ஆதென்டிகேஷன்-ரிசல்ட்ஸ் என்ற ஹெட்டரில் எஸ்பிஎஃப் எந்த டொமைனுக்குப் பாஸ், டிகிம் எந்த டொமைனுக்குப் பாஸ் என்று தனித்தனியே இருக்கும். பாஸ் என்ற சொல்லைத் தாண்டி, அதன் பக்கத்தில் இருக்கும் டொமைனைப் படியுங்கள்.

முதலில் கணக்கெடுப்பு

நன் கொள்கை ஒரு விஷயத்துக்கு உதவும். உங்கள் பெயரில் யார் யார் மெயில் அனுப்புகிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். '_டிமார்க்' என்ற பெயரில் டெக்ஸ்ட் ரெக்கார்டு ஒன்று: முதலில் 'வி=டிமார்க்1', அடுத்து 'பி=நன்', பிறகு 'ஆர்யுஏ=மெயில்டு:' என்று தொடங்கும் அறிக்கை முகவரி. இந்த ஒரு வரியில் நடக்கும் தவறுகள்தான் எத்தனை! 'மெயில்டு:' விட்டுப்போகும். அரைப்புள்ளி இடத்தில் காற்புள்ளி வரும். ரெக்கார்டை டொமைனின் வேரிலேயே போட்டுவிடுவார்கள். இன்னொன்று கண்டுபிடிக்கச் சிரமமானது: பெயர் பெட்டியில் முழுப் பெயரையும் ஒட்டினால், சில டிஎன்எஸ் பலகங்கள் கடைசியில் டொமைனை இன்னொரு தடவை தாமாகச் சேர்க்கும். ரெக்கார்டு இருக்கும், ஆனால் யாரும் தேடாத பெயரில் இருக்கும். இரண்டு டிமார்க் ரெக்கார்டு இருந்தால் பெறுநர்கள் இரண்டையுமே கண்டுகொள்ள மாட்டார்கள்.

அறிக்கைகள் எக்ஸ்எம்எல் கோப்புகளாக, பெரும்பாலும் நாளுக்கு ஒன்றாக, சுருக்கப்பட்டு வரும். தனி அஞ்சல்பெட்டி ஒதுக்குங்கள். வேறு டொமைனில் இருக்கும் பெட்டிக்கோ, அறிக்கைகளைப் படித்துக் கொடுக்கும் சேவைக்கோ அனுப்பினால், அந்த டொமைன் தன் டிஎன்எஸ்ஸில் உங்களுக்காக ஓர் அனுமதி ரெக்கார்டு வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரிய பெறுநர்கள் அனுப்ப மாட்டார்கள். தோற்ற மெயிலின் நகலைக் கேட்கும் 'ஆர்யுஎஃப்' குறியை நம்பி உட்கார வேண்டாம். ஜிமெயில் அதை அனுப்புவதே இல்லை.

ஒவ்வொரு அறிக்கையிலும் அனுப்பிய ஐபி, எத்தனை மெயில், எஸ்பிஎஃப் முடிவு, டிகிம் முடிவு, அவை எந்த டொமைனுக்கு என்பவை இருக்கும். ஐபிக்களை மூன்றாகப் பிரியுங்கள்: நம்முடையது, பொருந்துகிறது; நம்முடையது, ஆனால் பொருந்தவில்லை; யாரென்றே தெரியவில்லை. நடுவில் இருக்கும் கூட்டம்தான் வேலை. அங்கேதான் ஸ்கேன் செய்து மெயில் அனுப்பும் ஆபீஸ் ஜெராக்ஸ் மெஷின், சம்பளச் சீட்டு அனுப்பும் சேவை, டிக்கெட் மென்பொருள், இன்வாய்ஸ் அனுப்பும் கணக்கு மென்பொருள், யாரோ எப்போதோ ஹோஸ்டிங்கில் எழுதிவைத்த பிஎச்பி ஸ்கிரிப்ட் எல்லாம் வரிசையில் நிற்கும். வருடத்துக்கு ஒருமுறை ஃபார்ம் 16 அனுப்பும் கருவியும், பங்குதாரர்களுக்குக் கூட்ட அறிவிப்பு அனுப்பும் கருவியும் ஒரு மாத அறிக்கையில் தலைகாட்டவே தலைகாட்டாது. ஆகவே அறிக்கையை மட்டும் நம்பாமல், கணக்குப் பிரிவிலும் மனிதவளப் பிரிவிலும் போய் நேராகக் கேளுங்கள். கிரெடிட் கார்டு பில்லில் இருக்கும் மென்பொருள் சந்தாக்களைப் பார்ப்பது இன்னும் வேகமான வழி.

இணையதளத்தின் தொடர்புப் படிவத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். படிவம் நிரப்பியவரின் முகவரியையே ஃப்ரம்-இல் வைத்து உங்களுக்கு மெயில் அனுப்பும்படி பலர் எழுதியிருப்பார்கள். நிரப்பியவர் யாஹூ முகவரி கொடுத்திருந்தால், யாஹூவின் பெயரில் உங்கள் ஹோஸ்டிங் சர்வர் போலி மெயில் அனுப்புகிறது என்றுதான் அர்த்தம். யாஹூவின் கொள்கை ரிஜெக்ட். வாடிக்கையாளர் விசாரணை காணாமல் போகும், யாருக்கும் தெரியாது. ஃப்ரம்-இல் உங்கள் டொமைன் முகவரி, ரிப்ளை-டு-வில் நிரப்பியவர் முகவரி என்று மாற்றினால் தீர்ந்தது.

எஸ்பிஎஃப்: பத்துக்கு மேல் கிடையாது

எஸ்பிஎஃப்-ஐச் சோதிக்கும்போது பெறுநர் சர்வர் செய்யக்கூடிய டிஎன்எஸ் தேடல் 10 மட்டும். ஆர்எஃப்சி 7208 சொல்லும் வரம்பு இது. ரெக்கார்டில் வரும் 'இன்க்ளூட்' (வேறொரு சேவையின் அனுமதிப் பட்டியலையும் சேர்த்துக்கொள் என்பது), 'ஏ', 'எம்எக்ஸ்', 'எக்ஸிஸ்ட்ஸ்', 'ரீடைரக்ட்' ஒவ்வொன்றும் கணக்கில் சேரும். நேரடியாக எழுதிய ஐபி வரிசைகளும் கடைசி 'ஆல்'-உம் சேராது. ஒரு இன்க்ளூட்டுக்குள் இருக்கும் இன்க்ளூட்டுகளும் உங்கள் கணக்குதான். பதினொன்றாவது தேடல் வந்தால் முடிவு 'பெர்ம்எரர்', அதாவது ரெக்கார்டே பிழை. டிமார்க் கணக்கில் எஸ்பிஎஃப் பாஸ் ஆகவில்லை. உங்கள் ரெக்கார்டில் ஐந்தே இன்க்ளூட் இருக்கலாம். அதில் ஒரு சேவை தன் பக்கத்தில் இரண்டைக் கூட்டினால் இங்கே ஒரு எழுத்துகூட மாறாமல் உங்கள் மெயில் தோற்கத் தொடங்கும். எஸ்பிஎஃப் ரெக்கார்டு இரண்டு இருந்தாலும் பெர்ம்எரர்தான்; புது சேவை சேர்க்கும்போது பழையதில் இணைக்காமல் புது வரி போடுவதால் வருவது இது.

வரம்பு நெருங்கியவுடன் எல்லா இன்க்ளூட்டையும் ஐபியாக விரித்து எழுதிவிடலாம் என்று ஒரு யோசனை வரும். செய்யாதீர்கள். சேவைகள் ஐபியை மாற்றும்போது உங்களிடம் கேட்பதில்லை. அதைவிட, அந்த இன்க்ளூட் தேவைதானா என்று முதலில் பாருங்கள். மொத்தமாக மெயில் அனுப்பும் சேவைகள் பல, உறை முகவரியில் தங்கள் சொந்த டொமைனையே வைக்கும். அப்போது பெறுநர் பார்ப்பது அவர்களுடைய எஸ்பிஎஃப்-ஐ. உங்கள் ரெக்கார்டில் அவர்கள் இன்க்ளூட் இருப்பது இடத்தை அடைப்பதைத் தவிர எதற்கும் பயனில்லை. அந்தச் சேவையிலிருந்து வந்த மெயிலின் ரிட்டர்ன்-பாத்தை ஒருமுறை பார்த்தால் தெரிந்துவிடும். பார்த்து நீக்கினால் பல இடங்களில் பத்து என்பது ஆறாகிவிடும். மீதியைத் துணை டொமைனுக்கு மாற்றலாம்: நியூஸ்லெட்டருக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி எஸ்பிஎஃப், தனிப் பத்து.

விட்டுவிட்ட சேவையின் இன்க்ளூட்டை நீக்காமல் வைத்திருப்பது வெறும் குப்பை அல்ல, ஆபத்து. பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான கார்டியோ லேப்ஸ் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட ஆய்வில் 8000-க்கு மேற்பட்ட டொமைன்கள் இப்படிப் பறிபோயிருந்தன. காலாவதியான டொமைனைச் சுட்டிக்கொண்டிருந்த சிநேம் ரெக்கார்டுகள் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்புபவை), எஸ்பிஎஃப் இன்க்ளூட்டுகளைத் தேடி, அந்தக் காலாவதியான டொமைனை யாரோ விலைக்கு வாங்கிவிட்டார்கள். அதன் பிறகு பெரிய பெரிய நிறுவனங்களின் பெயரில் ஸ்பாம் போனது. எல்லாச் சோதனையிலும் பாஸ்.

கடைசியில் '-ஆல்' (பட்டியலில் இல்லாத ஐபியை மறுத்துவிடு) போடுவதா, '~ஆல்' (சந்தேகத்தோடு மட்டும் பார்) போடுவதா? டிமார்க் ரிஜெக்ட்டில் இருக்கும் டொமைனுக்கு '~ஆல்' போதும் என்பது என் கருத்து. '-ஆல்' பார்த்தவுடனே, டிகிம் கையொப்பத்தைப் பார்க்காமலே கதவடைக்கும் சர்வர்கள் உண்டு. ஃபார்வர்டு ஆன நல்ல மெயில் அங்கே அநியாயமாகப் போகும். மெயிலே அனுப்பாத டொமைன்கள் வேறு கதை. பிராண்டுக்காக வாங்கிப் போட்ட '.நெட்', '.ஆர்க்' எல்லாவற்றுக்கும் '-ஆல்' மட்டும் உள்ள எஸ்பிஎஃப், டிமார்க் ரிஜெக்ட், வெற்று எம்எக்ஸ் (இங்கே மெயில் வாங்குவதில்லை என்ற அறிவிப்பு) மூன்றையும் இன்றைக்கே போடலாம். அங்கே உடைய ஒன்றுமில்லை.

டிகிம்தான் சுமை தாங்கும்

ஃபார்வர்டு செய்தால் அனுப்பும் ஐபி மாறும், எஸ்பிஎஃப் உடையும். மெயிலின் உள்ளடக்கம் மாறாத வரை டிகிம் நிலைக்கும். ஆகவே, ஒவ்வொரு அனுப்புநரையும் உங்கள் டொமைனில் டிகிம் கையொப்பம் இட வைப்பதே இலக்கு. எஸ்பிஎஃப் பொருத்தம் கூடுதல் லாபம்.

இங்கே வழுக்கும் இடம்: கூகுள் ஒர்க்ஸ்பேஸில், கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் சாவியை உருவாக்கி டிஎன்எஸ்ஸில் போட்டுவிட்டு, அட்மின் பக்கத்தில் 'ஸ்டார்ட் ஆதென்டிகேஷன்' அழுத்த மறப்பார்கள். அதுவரை கூகுள் தன் 'கேப்ஸ்எஸ்எம்டிபி.காம்' டொமைனில் கையெழுத்திடும். டிகிம் பாஸ் என்றே காட்டும், பொருத்தம் இருக்காது. மைக்ரோசாஃப்ட் 365-இலும் அதே கதை: தொடக்கத்தில் கையொப்பம் 'ஆன்மைக்ரோசாஃப்ட்.காம்' பெயரில் இருக்கும். செலக்டர்1, செலக்டர்2 (செலக்டர் என்பது எந்தச் சாவி என்று குறிக்கும் பெயர்) என்று இரண்டு சிநேம் போட்டு, டிஃபென்டர் பக்கத்தில் உங்கள் டொமைனுக்கு இயக்கினால்தான் மாறும்.

சாவி 2048 பிட் இருக்கட்டும். ஆர்எஃப்சி 8301, ஆர்எஸ்ஏ சாவி 1024 பிட்டுக்குக் குறையக் கூடாது, 2048 இருப்பது நல்லது என்கிறது. 2012-இல் கூகுளே 512 பிட் சாவி வைத்திருந்து, ஒரு கணிதவியலாளர் அதை உடைத்துக் காட்டிய பிறகுதான் மாற்றியது. 2048 பிட் சாவி, டெக்ஸ்ட் ரெக்கார்டின் ஒரு சரத்துக்கான 255 எழுத்து வரம்பைத் தாண்டும். இரண்டு மேற்கோள் சரங்களாகப் பிரித்து இட வேண்டும். சில பலகங்கள் தாமே பிரிக்கும், சில சத்தமில்லாமல் வாலை வெட்டிவிடும். போட்ட பிறகு டிஎன்எஸ்ஸிலிருந்து திரும்ப எடுத்து, கடைசி எழுத்துகளை மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் 'பாடி ஹாஷ்' (மெயில் உடலின் கணித முத்திரை) பொருந்தவில்லை என்று வந்தால், கையெழுத்திட்ட பிறகு யாரோ மெயிலைத் தொட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் 'இந்த மின்னஞ்சல் ரகசியமானது' என்று அடியில் வாசகம் சேர்க்கும் கேட்வேதான் (மெயில் போகும், வரும் வாசலில் நிற்கும் சர்வர்). கையொப்பம் இடும் வேலையைக் கடைசியாக மெயிலைத் தொடும் கருவிக்குக் கொடுங்கள். கையொப்பத்தில் 'எல்=' குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். உடலின் முதல் இத்தனை பைட்டுக்கு மட்டுமே கையொப்பம் என்று சொல்வது அது. அதற்குக் கீழே எவரும் எதையும் ஒட்டலாம்.

சாவியை மாற்றும்போது புதிய செலக்டரில் புதிய சாவியைப் போட்டு, கையொப்பத்தை அதற்குத் திருப்பி, பழைய சாவியை ஒரு வாரம் கழித்து நீக்குங்கள். வரிசையில் காத்திருக்கும் மெயில் சில நாள் கழித்துப் போய்ச் சேரலாம். அதற்குள் பழைய சாவி மறைந்துவிட்டால் தோற்கும்.

ரிஜெக்ட் நோக்கி

நடுவில் இருந்த கூட்டம் கரைந்து, ஒரு மாத முடிவும் ஒரு காலாண்டு முடிவும் கடந்த பிறகும் அறிக்கையில் தோற்பவை தெரியாத ஐபிக்கள் மட்டும்தான் என்றால், குவாரன்டைன் (தோற்ற மெயிலை ஸ்பாமில் ஒதுக்கு) போடலாம். 'பிசிடி' என்ற குறியால் 10 சதவீதம், 25 சதவீதம் என்று படிப்படியாகப் போகும் முறை ஒன்று உண்டு. பெறுநர்கள் அதை ஒரே மாதிரி மதிப்பதில்லை. குறைந்த போக்குவரத்துள்ள துணை டொமைன்களில் முதலில் ரிஜெக்ட் வைத்துப் பார்த்துவிட்டு மூல டொமைனுக்கு வருவதே எனக்குப் பிடித்த வழி. மாற்றும் நாளுக்கு முன்பே டிடிஎல்-ஐ (ரெக்கார்டின் நகலை மற்ற சர்வர்கள் வைத்திருக்கும் நேரத்தை) 300 வினாடிக்கு இறக்கிவையுங்கள். ஏதாவது உடைந்தால் பின்வாங்க ஐந்து நிமிடம் போதும்.

'எஸ்பி' குறியைக் கவனிக்காமல் விடுவார்கள். அது துணை டொமைன்களுக்கான கொள்கை. குறிப்பிடாவிட்டால் மூல டொமைனின் கொள்கையே செல்லும். 'பி=ரிஜெக்ட்' என்று கம்பீரமாக எழுதிவிட்டு, பழைய சோதனைக்காலத்து 'எஸ்பி=நன்' பக்கத்திலேயே கிடக்கும். அப்போது இல்லாத துணை டொமைன் ஒன்றைக் கற்பனை செய்து அதன் பெயரில் மெயில் அனுப்பினால் யாரும் தடுக்க மாட்டார்கள்.

எவ்வளவு காலம் ஆகும் என்று நிர்வாகம் கேட்கும். அமெரிக்க அரசு 2017 அக்டோபரில் பிறப்பித்த பிஓடி 18-01 உத்தரவு, எல்லாக் கூட்டாட்சி அலுவலகங்களுக்கும் நன் வைக்க 90 நாளும் ரிஜெக்ட்டுக்கு ஒரு வருடமும் கொடுத்தது. ஐந்நூறு பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு நான்கு மாதம் தாராளம். மூன்று வருடமாக நன்-இல் இருந்தால், அந்த ரெக்கார்டுக்குப் பொறுப்பாக யாரையும் நியமிக்கவில்லை என்பதுதான் காரணம்.

மெயிலிங் லிஸ்ட்டுகள் மட்டும் கொஞ்சம் தொல்லை தரும். 2014 ஏப்ரலில் யாஹூ ரிஜெக்ட்டுக்கு மாறியபோது உலகெங்கும் லிஸ்ட்டுகள் குழம்பின. லிஸ்ட் மென்பொருள் தலைப்பில் அடைமொழியும் அடியில் குறிப்பும் சேர்க்கும், டிகிம் உடையும்; அனுப்புவது லிஸ்ட்டின் சர்வர், எஸ்பிஎஃப் பொருந்தாது. இன்று லிஸ்ட் மென்பொருள்கள் ஃப்ரம் முகவரியை லிஸ்ட்டின் முகவரியாக மாற்றி எழுதிச் சமாளிக்கின்றன. 2019-இல் வந்த ஏஆர்சி, இடையில் கைமாறிய சர்வர்களின் சோதனை முடிவைக் கூடவே எடுத்துச்செல்லும். ஆனால் அந்த இடைச் சர்வரை பெறுநர் நம்பினால்தான் பயன்.

இனி உள்ளே வரும் மெயிலுக்கு. உங்கள் டொமைனுக்கு ரிஜெக்ட் வைத்துவிட்டு, உங்கள் கேட்வேயின் 'பாதுகாப்பான அனுப்புநர்' பட்டியலில் உங்கள் டொமைனையே வைத்திருந்தால், எம்டி பெயரில் வரும் போலி மெயில் சோதனையில்லாமல் உள்ளே வரும். எப்போதோ ஒரு மெயில் தவறியதற்காக யாரோ சேர்த்த வரி அது. முதலில் அதை நீக்குங்கள். இன்னொன்று: மைக்ரோசாஃப்ட் 365-க்கு முன்னால் வேறு நிறுவனத்தின் கேட்வே வைத்து எம்எக்ஸ்-ஐ (மெயில் எந்தச் சர்வருக்கு வர வேண்டும் என்று சொல்லும் ரெக்கார்டை) அங்கே திருப்பியிருப்பார்கள்; ஆனால் 365-இன் சொந்த முகவரி வெளியுலகத்துக்குத் திறந்தே இருக்கும். கேட்வேயைச் சுற்றிக்கொண்டு நேராக அங்கே மெயிலைப் போடலாம். கேட்வேயின் ஐபியிலிருந்து வருவதை மட்டும் ஏற்கும்படி கனெக்டரைப் பூட்ட வேண்டும். வெளியே போகும் பக்கமும் அப்படித்தான். 2024 ஜூலையில் கார்டியோ லேப்ஸ் வெளிக்கொண்டுவந்த எக்கோஸ்பூஃபிங் விவகாரத்தில், 365-இலிருந்து வரும் எதையும் ஏற்று அனுப்பும்படி ப்ரூஃப்பாயின்ட் என்ற மெயில் பாதுகாப்பு நிறுவனத்தின் கேட்வேக்கள் அமைக்கப்பட்டிருந்தன. யார் வேண்டுமானாலும் ஒரு 365 கணக்கு எடுத்து அதன் வழியே டிஸ்னி, நைக்கி, ஐபிஎம் பெயரில் மெயில் அனுப்பினார்கள். கையொப்பம் அசல்.

டிமார்க்கின் எல்லைக்கு வெளியே

டிமார்க் தடுப்பது உங்கள் டொமைனை அப்படியே போலி செய்வதை மட்டும். ஓர் எழுத்து மாற்றி வாங்கிய டொமைன், எம்டியின் பெயரைக் காட்டும் ஜிமெயில் கணக்கு, ஏற்கெனவே கைப்பற்றப்பட்ட சப்ளையரின் அஞ்சல்பெட்டி, இவை எல்லாம் டிமார்க்கில் பாஸ் ஆகும். லித்துவேனியாவைச் சேர்ந்த எவால்டாஸ் ரிமாசவுஸ்காஸ், தைவானின் குவான்டா கம்ப்யூட்டர் பெயரிலேயே லாட்வியாவில் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்து, போலி இன்வாய்ஸ் அனுப்பி, 2013-க்கும் 2015-க்கும் இடையில் கூகுளிடமும் ஃபேஸ்புக்கிடமும் 10 கோடி டாலருக்கு மேல் வாங்கினார். 2019-இல் ஐந்து வருடச் சிறை. இந்த வகை வணிக மெயில் மோசடியில் 2023-இல் மட்டும் 290 கோடி டாலருக்கு மேல் இழப்பு என்று எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் மையமான ஐசி3-இன் அறிக்கை கணக்குச் சொல்கிறது.

இதற்கு மருந்து கணக்குப் பிரிவில் இருக்கிறது. வங்கிக் கணக்கு எண் மாற்றம் என்று எந்த மெயில் வந்தாலும், மெயிலில் இருக்கும் எண்ணை விட்டு, பழைய கோப்பில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து உறுதிப்படுத்த வேண்டும். எம்டியே 'அவசரம்' என்று எழுதினாலும் இதற்கு விலக்கில்லை என்று எம்டியே கையெழுத்திட்டுச் சுற்றறிக்கை விட வேண்டும். மெயில் பக்கத்தில், நிர்வாகிகளின் பெயரோடு வெளி முகவரியிலிருந்து வருபவற்றைப் பிடித்துவைக்கும் விதி, வெளி மெயில் என்ற அடையாளம், வெளியே தானாக ஃபார்வர்டு ஆவதற்குத் தடை. இந்த மூன்றும் ஓர் மதிய வேளை வேலை.

கடவுச்சொல்லைத் திருடும் போலிப் பக்கங்கள் இப்போது ஓடிபியையும் நடுவில் நின்று வாங்கி, உள்நுழைந்த செஷன் குக்கீயை (உள்ளே நுழைந்தவர் என்பதற்கான அடையாளச் சீட்டை) எடுத்துக்கொள்கின்றன. 2022-இல் இணையச் சேவை நிறுவனமான கிளவுட்ஃப்ளேரின் ஊழியர்கள் மூன்று பேர் அப்படி ஒரு பக்கத்தில் கடவுச்சொல்லைக் கொடுத்தே விட்டார்கள். உள்ளே நுழைய முடியவில்லை. அங்கே எல்லாருக்கும் எஃப்ஐடிஓ2 வன்பொருள் சாவி. அது அசல் டொமைனுக்கு மட்டுமே பதில் சொல்லும், போலிப் பக்கத்துக்குச் சொல்லாது. எல்லாருக்கும் வாங்கப் பணம் இல்லையென்றால் அட்மின்கள், கணக்குப் பிரிவு, நிர்வாகிகளின் உதவியாளர்கள் என்ற வரிசையில் வாங்குங்கள். ஆளுக்கு இரண்டு சாவி வேண்டும், ஒன்று தொலைந்தால் மாற்றாக.

ஒரு கணக்கு பறிபோனது தெரிந்தால் கடவுச்சொல்லை மாற்றுவது மட்டும் போதாது. எல்லாச் செஷன்களையும் முடித்துவையுங்கள். அந்தக் கணக்கு அனுமதி கொடுத்த வெளிச் செயலிகளை நீக்குங்கள். புதிதாகச் சேர்க்கப்பட்ட சரிபார்ப்புப் போன் எண்களைப் பாருங்கள். அப்புறம் இன்பாக்ஸ் விதிகள்: 'இன்வாய்ஸ்' என்ற சொல் உள்ள மெயிலை எல்லாம் யாரும் திறக்காத ஆர்எஸ்எஸ் கோப்புறைக்கு நகர்த்து என்று ஒரு விதி கிடக்கும், உரியவர் பார்க்காமல் சப்ளையரோடு பேச்சு நடத்தப் போட்டது. பணம் போயிருந்தால் முதல் போன் வங்கிக்கு, இரண்டாவது சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு. சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை இடையில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. இந்தியாவில் இயங்கும் நிறுவனம் என்றால் 2022 ஏப்ரல் 28 உத்தரவின்படி சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கும் தெரிவிக்க வேண்டும்.

அதே உத்தரவு லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. மைக்ரோசாஃப்ட் 365-இல் மெசேஜ் டிரேஸ் (மெயில் போன தடத்தைத் தேடும் வசதி) 90 நாளுக்கு மேல் பின்னோக்கிப் போகாது. கூகுள் ஒர்க்ஸ்பேஸின் மெயில் லாக் தேடல் 30 நாளுக்குப் பிறகு குறுகிவிடும். லாக்கை வெளியே எடுத்துச் சேமிக்கும் ஏற்பாட்டை டிமார்க் வேலையோடு சேர்த்தே முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஐந்தாவது மாதம் ஆடிட்டர் கேட்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது.